பயம் என்று எழுதிய சீட்டு

அடுத்தவள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், நிலத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் அமிர்தத்தின் மகளுக்கு வந்த வியாதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் கீழ்வேளூர் பள்ளிக்கூட வேன் வாய்க்காலுக்குள் சரிந்தது. அமிர்தத்தின் மகள் குந்தவையும் என் மகள் செம்மொழியும் ஒரே சீட்டில் இருந்தார்கள். இரண்டும் மூன்றாவது படிக்கிறதுகள். அடி ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் வேனைப் பார்த்தாலே இரண்டு பேரும் அலறினார்கள், பிடித்தவர் கையைக் கடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னதால், இருவரையும் திருவாரூரில் ஒரே டாக்டரிடம் தனித்தனியாகக் காட்டினோம்.

அவர் முதலில் கேட்டது, "ஊர்ல எந்தத் தெரு?" எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். குந்தவை மேலத்தெரு. அவள் மருந்துச் சீட்டில் 'பயம்' என்று எழுதி, வாரம் ஒருநாள் விளையாட்டும் பேச்சுமாக வைத்தியம். அமிர்தமே என்னிடம் அதைக் காட்டினாள். நான் போஸ்ட் ஆபீஸ் உத்தியோகக்காரி, நிமிர்ந்து உட்கார்ந்து கீழத்தெரு என்றேன். 'முரட்டுத்தனம்' என்று எழுதினார். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான், கண்டித்து வளர்க்க வேண்டும் என்று சொல்லி, தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

தை பிறப்பதற்குள் குந்தவை டாட்டா காட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். என் மகளை அடக்க முடியாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குந்தவையின் அந்தச் சின்னக் கை ஆடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பச்சைப்பிள்ளை மேல் எரிகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, எரிச்சல் மட்டும் குறையவில்லை. அமிர்தம் வேறு ஆறுதல் சொன்னாள்.

"உங்க புள்ளைங்களுக்கு ஏது எழிலு பயம்? அதுங்க எதையும் தாங்கும்."

தஞ்சாவூரில் வேறு டாக்டரிடம் போனேன். இவரும் பேச்சோடு பேச்சாகத் தெருவைக் கேட்டார். மேலத்தெரு என்றேன். வாய் கூசவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேன் என்றால் பயமா கண்ணு என்று செம்மொழியிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். 'பயம்' என்று எழுதினார். வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட நான் ஒரு காகிதத்தை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு கலர் பென்சில் கொடுத்து, உங்கள் தெருவை வரைந்து காட்டு என்றார். செம்மொழி பென்சிலை எடுத்தாள். வரையவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எந்தத் தெருவம்மா வரையறது?"

டாக்டர் நிமிர்ந்தார். நம்ம தெருவைத்தான் என்றேன். குந்தவையாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். அவளுக்குக் கிடைத்த வைத்தியத்தைப் பொய் சொல்லியாவது வாங்கிவிட்டேன். கேட்கத் தேவையில்லாத அந்த நிம்மதியை எங்கே போய் வாங்குவது?