காற்றில் பிய்யாத தையல்

அக்கா அலமாரியிலிருந்து இன்னொரு சட்டையை இழுத்து, நெஞ்சுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டாள். அதிலும் எண்ணெய்க் கம்பெனி. அடுத்ததில் டயர் கம்பெனி. உள்பனியனில்கூட யாரோ ஒரு சிமெண்ட்காரர் பெயர். ஊரில் உள்ளவர் பெயரையெல்லாம் சுமந்து கார் ஓட்டியவனுக்குப் போகும்போது உடுத்த ஒரு வெறுஞ்சட்டை இல்லை.

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள், கழுத்துவரை வெள்ளைத் துணி. நேற்றைய வெள்ளோட்டத்தில், கைதட்ட ஓர் ஆள்கூட இல்லாத மைதானத்தில், கார் சுவரில் மோதிவிட்டது.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் அவள் கணவர்.

"கடைச் சட்டையில அவன் எங்கங்க இருப்பான்? அவன் போட்டு நைஞ்சது வேணும்."

கணவர் நாற்காலிகளை எடுத்துப் போடப் போய்விட்டார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

வாசலில் வேறு கூத்து. இந்த ஊருக்கு ஒரு பந்தய லீக் போதாதென்று இரண்டு. ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டும் ஓடும். எதை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம் கம்பெனிகள் சாயும். தம்பி பழைய லீக்கில் எண்ணெய்க் கம்பெனிக்காக ஓடினான். போன வருடம் பெயிண்ட் கம்பெனி கூப்பிட, புது லீக்குக்குத் தாவினான். அன்றிலிருந்து பழையவர்கள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்றைக்கு அவர்கள் மலர்வளையம்தான் பெரியது. எது முன்னால் நிற்பது என்று இரண்டு வளையங்களும் வாசலில் இடித்துக்கொண்டிருக்க, தெரு முழுக்க அதைத்தான் வேடிக்கை பார்த்தது.

பெயிண்ட் கம்பெனி மேனேஜர் கையில் ஒரு புது ஜாக்கெட்டோடு உள்ளே வந்தார்.

"அம்மா, இதைப் போட்டுவிட்டீங்கன்னா... டிவிக்காரங்க வந்திருக்காங்க. பழைய லீக்காரங்க, அவரு எங்க ஆளுன்னு பேட்டி குடுக்கறாங்க."

"இன்னிக்குமா சார்?"

"இன்னிக்குத்தாம்மா நிறைய பேர் பார்ப்பாங்க." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். "சீசன் முடியற வரைக்கும் நெஞ்சு எங்களோடதும்மா. ஒப்பந்தம் அப்படி."

"அவன் சீசன் முடிஞ்சிருச்சு சார்."

மேனேஜர் ஜாக்கெட்டை மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், வாசலில் போய் நின்றார்.

அலமாரியின் அடியில் அந்த நீலச் சட்டை கிடைத்தது. தையல் கடை வைத்திருக்கும் அக்கா, அவன் பிறந்தநாளுக்குத் தன் கையால் தைத்தது. அதன் நெஞ்சிலும் பெயிண்ட் கம்பெனி பெயரைத் துணியில் வெட்டித் தைத்துத் தரச் சொல்லி, போன வருடம் அவனே கொண்டுவந்து நீட்டினான்.

"நெஞ்சு போச்சுக்கா, முதுகும் போச்சு. காலர்ல கொஞ்சம் இடம் இருக்கு, உன் கடைப் பேரைப் போட்டுக்க. சொந்தக்காரங்களுக்கு இலவசம்."

"அடப் போடா. பறக்கறவன் முதுகை யார்டா படிக்கப் போறா?"

"பின்னாடி வர்றவன் படிப்பான்கா. அதுக்காகவாவது நான் முன்னாடி போகணுமில்ல?"

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊசியால் அந்தப் பெயரின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். வரவில்லை. எவ்வளவு வேகத்திலும் காற்றில் பிய்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி மூன்று வரி தையல் ஓட்டியிருந்தாள். அவன் சட்டை எதற்கும் அப்படித்தான் ஓட்டுவாள். ஊசி விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் நெம்பினாள். கணவர் கத்திரிக்கோலைக் கொண்டுவந்தார். துணி கிழிந்துவிடும் என்று தலையாட்டி மறுத்தாள்.

கடைசி நூலும் வந்தது. துணி எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்தாள்.

வெயில் படாத இடத்தில் சட்டை புதிதாகவே இருந்தது. வெளுத்த நீலத்துக்கு நடுவே, அடர்நீலத்தில், கம்பெனியின் பெயர் அப்படியே, எழுத்து எழுத்தாக.

உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. பிறகு கணவரைக் கூப்பிட்டு, இருவருமாக அவனுக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். பொத்தான்களை அவளே போட்டாள். அவன் வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள். கை போதவில்லை, ஓரத்தில் ஒரு எழுத்து வெளியே தெரிந்தது.

வாசலில் கேமரா விளக்கு எரிந்தது. "உள்ள வரலாமாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் தன் கையை அந்த எழுத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.