குழுவுக்கு வந்த தனிக்கடிதம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்காவின் தோளுக்கு மேலாகக் கணினித் திரையை எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. எட்டிப் பார்ப்பது தப்பு என்பவர்கள், கதை எழுதுகிற ஒரு தங்கையோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம்..." வேண்டாம். அன்றைக்கு மழை இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்காருகிற ஆளும் இல்லை. திரையில் வெயில் பட்டால் எழுத்து தெரியாது என்று திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாள்.

அடுத்தது: "பொருளாதாரம் பற்றாக்குறையைப் பற்றிய படிப்பு, காதலும் அப்படியே..." இதை அவளிடமே படித்துக் காட்டினேன்.

"ஏண்டி, இத எழுதறதுக்கு நீ சும்மாவே இருக்கலாம்."

அடித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

2

அக்கா கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள். (இதைப் படித்தால், "அப்ப நீ யாரு, பக்கத்து வீடா?" என்பாள். நான் மாடியில் இருக்கிறேன். அது வேறு, இது வேறு.)

கல்லூரி வேலை போக, பொருளாதார ஆய்வாளர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குழுவின் முகவரிக்கு ஒருவர் எழுதினால் எங்கெங்கோ இருக்கும் அத்தனை உறுப்பினர்களுக்கும் போகும். போவதற்கு முன் அக்காவிடம் வந்து நிற்கும். அவள் படித்து, சரி என்றால் விடுவாள், இல்லையென்றால் திருப்புவாள். இதற்கு மட்டுறுத்துநர் என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. வீட்டில் நான் அவளை வாட்ச்மேன் என்பேன்.

அந்தக் குழுவுக்கென்று சில மரியாதைகள் உண்டு. வெறும் "நன்றி" என்று எழுதி அத்தனை பேர் பெட்டியையும் நிரப்பக் கூடாது. கேள்வி கேட்டவருக்குப் பதிலைத் தனியாக அனுப்ப வேண்டும். வந்த பதில்களை அவர் தொகுத்துக் குழுவுக்குத் தர வேண்டும். பதில் எழுதும்போது கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய கடிதத்தை வெட்டிவிட வேண்டும். பேச்சு திசை மாறினால் தலைப்பையும் மாற்ற வேண்டும். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

கடைசி மரியாதைதான் எல்லோரும் சறுக்குகிற இடம். பதில் பொத்தானைத் தட்டினால் எழுதியவருக்குப் போகாது, குழுவுக்குத்தான் போகும். அமைப்பே அப்படி. சம்பளத்தைப் பற்றிய புலம்பல், துறைத்தலைவரைப் பற்றிய வசவு, இன்னொருவருக்குப் போக வேண்டிய மூட்டுவலி மருந்தின் பெயர் எல்லாம் அக்காவிடம் வந்து நிற்கும். எதைப் பற்றியும் அவள் என்னிடம் மூச்சு விட்டதில்லை. (மூட்டுவலி நானாக எட்டிப் பார்த்தது.)

3

இனி அவர் வர வேண்டும். இவர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. கதையில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு ஒழுங்கு.

விலை உயர்வை ஆராய்கிறவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் விலைவாசி. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதும் இல்லை. அவர் கடிதத்தில் மட்டும் அவளுக்குத் திருத்த ஒன்றும் இருக்காது. வெட்ட வேண்டியது வெட்டப்பட்டிருக்கும், தலைப்பு தெளிவாக இருக்கும், தான் சொன்னது தவறென்றால் முதல் வரியிலேயே தவறு என்றிருப்பார்.

காலையில் குழுவைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

"என்னக்கா, விலைவாசி இன்னிக்கு ஏறலையா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

ஒருமுறை, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தையே குழுவில் கேள்வியாகப் போட்டாள். கேள்வி கேட்டால்தானே பதில் தனியாக வரும்! வந்தது. நாலு வரி, இரண்டு கட்டுரைகளின் பெயர், "அன்புடன்" கூட இல்லை. அதை அவள் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். "மேற்கோள் காட்டத் தேவைப்படும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை, பாவமாக இருந்தது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கடிதம் வந்து நின்றது. குழுவின் முகவரிக்கு. தலைப்பு: "பொருளாதாரம் அல்ல."

"நீங்கள் போன வாரம் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆய்வுக்காக அல்ல. ஒரு முறை நேரில் உட்கார்ந்து பேச முடியுமா? வரச் சொன்னால் வருகிறேன்."

(வாசகங்களை மாற்றியிருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைக் கேட்காமல் வெளியிடக் கூடாது என்பதும் குழு மரியாதை. அசல் இதைவிட நன்றாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.)

யாருக்கு எழுதினார்? அதுதான் தெரியவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் பழைய கடிதம் கீழே வாலாகத் தொங்கும், தலைப்பில் பழைய பேச்சு இருக்கும். மனிதர் வாலைச் சுத்தமாக வெட்டிவிட்டார். பேச்சு மாறியதால் தலைப்பையும் மாற்றிவிட்டார். எல்லா மரியாதையையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, முகவரியில் கோட்டை விட்டார்.

போன வாரம் குழுவில் எழுதிய பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருப்பவள், வீட்டு வாடகையைப் பற்றி அபாரமான ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மற்றவள் அக்கா. அவள் எழுதியது அவ்வப்போது அனுப்பும் விதிமுறை நினைவூட்டல்.

"விதிமுறைய யாருடி திரும்பத் திரும்பப் படிப்பாங்க?" என்றாள்.

வாங்கிப் படித்தேன். வழக்கமான வரிகள்தான். முடிவில் ஒன்று மட்டும் புதிது: "நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்."

"இது எப்பக்கா சேர்த்தே?"

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அக்கா தன் சொந்த முகவரியிலிருந்து "வாருங்கள்" என்று எழுதுகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். அவள் கேட்டதும் கொதித்துப்போனாள். "அது வங்கிக்காரிக்குன்னா? காவலுக்கு இருக்கறவளே அடுத்தவ கடிதத்தை எடுத்துத் தனக்குன்னு வெச்சுக்கிட்ட மாதிரி ஆகாதா? அப்புறம் அந்தக் குழுவுல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருப்பேன்?"

இன்னொரு முடிவு: ஒன்றும் செய்யாமல் விடுவது. அனுமதிக்காத கடிதம் சில நாளில் தானாகவே அழிந்துபோகும். யாருக்கும் அவமானம் இல்லை. இதை நான் எழுதவே இல்லை, அவள்தான் செய்துகொண்டிருந்தாள். திறப்பாள், படிப்பாள், மூடுவாள். அழியும் வரை அது அவளுடையது என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு மனிதர் எங்கேயோ பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இதைத்தான் அவளிடம் சத்தமாகச் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.)

மூன்றாவது: அவர் தெரிந்தேதான் குழுவுக்கு அனுப்பினார். வாசலில் நிற்பது அக்கா என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். வேறு யார் கண்ணிலும் படாமல் அவளிடம் மட்டும் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டே அனுப்பினார்.

"விலைவாசி அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் கன்னம் சிவந்துவிட்டது.

6

நடந்தது இது.

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்தாள். கடிதங்களைத் திருப்புவதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருக்கிறாள்: "இது தனிப்பட்ட கடிதம் போலத் தெரிகிறது. உரியவருக்கு நேரடியாக அனுப்பிவிடவும். மட்டுறுத்துநர்."

"அக்கா, நிஜமாவே உனக்குத்தான்னா, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமே. ஒரு வார்த்தையாவது சேரு."

"என்ன சேக்கறது? 'எனக்கா?'ன்னா?"

"ஏன் கூடாது?"

"இல்லைன்னு அவர் எழுதும்படி ஆயிடும்டி. அந்தச் சங்கடத்தை அவருக்குக் குடுக்க மாட்டேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கும் அதப் படிக்கற தெம்பு இல்ல."

வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கீழே இருந்த "மட்டுறுத்துநர்" என்பதை மட்டும் அழித்தாள். அங்கே தன் பெயரைப் போட்டாள். இத்தனை வருஷத்தில் திருப்பிய எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் போட்டதில்லை. அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

உரியவர் யாராக இருந்தாலும் இனி அந்தக் கடிதம் அவருக்கு நேராகப் போகும். அக்காவின் சொந்தப் பெட்டிக்கு வரலாம், வங்கிக்காரியின் பெட்டிக்குப் போகலாம். போனால் அக்காவுக்குத் தெரியவே தெரியாது. வராத கடிதம் இன்றைக்கு வரவில்லையா, என்றைக்கும் வராதா என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

7

இதுவரைக்கும் எழுதி அவளிடம் நீட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மாணவர்களின் விடைத்தாளைப் போலப் பேனாவோடு படித்தாள். கன்னம் சிவந்ததை அடித்தாள். (நான் திரும்பச் சேர்த்துவிட்டேன்.) மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள்.

"அவருக்குத் தெரிஞ்சா?"

"வாசகம்தான் மாத்திட்டேனே. அப்ப முடிவு? வரலைன்னு முடிச்சிடட்டுமா? கதைக்கு அதுதான் கனமா இருக்கும்."

"வேண்டாம்டி. எழுதினா பலிச்சுடுமோன்னு பயமா இருக்கு."

"சரி, வந்துதுன்னு எழுதறேன்." என் பேனாவைத் திறந்தேன்.

பொருளாதாரம் படித்தவள், கணக்குப் போடாமல் வாய் திறக்காதவள், என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மூடித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதையும் எழுதாதே. வந்தா, நான்தான் முதல்ல படிக்கணும்."