நடுக் கயிறு

கெர்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடக்க, தங்கை சிக்னாவும் அவளுடைய புதுச் சிநேகிதி மேவும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். அலாஸ்காவின் பனியாறுகளைக் கோடைதோறும் அக்காவும் தங்கையும் மட்டும்தான் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு கடப்பார்கள். வழி போடுவது கெர்டா. குட்டி விமானம் இறக்கிவிட்டுப் போனால், மலைக்கு அந்தப் பக்கம் கடலோரம் சேரும்வரை வேறு மனித முகம் கிடையாது. இந்த வருஷம் மூன்றாவதாக இவள்.

"இந்தக் கணவாய் வேணாம். ஜூலைல பனி வெடிப்பெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்கும். வடக்கால சுத்திப் போயிரலாம்," என்றாள் மேவ்.

"அட, இது நமக்குத் தோணவே இல்லியேக்கா!"

புகைபோட்ட சால்மன் மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கெர்டாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேவ் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள்.

"நேத்து வந்தவ சொன்னா வேதவாக்கு. நான் இத்தன வருஷம் உன்னக் குழியிலயா தள்ளினேன்?"

"ஆரம்பிச்சிட்டியா? கயித்துல யாரு எங்கன்னு வரிசையச் சொல்லு."

"மேவ் முன்னாடி போகட்டும், எல்லாம் தெரிஞ்சவளாச்சே. நடுவுல நான்."

மூன்று பேர் கயிற்றில் நடு இடம் லேசான ஆளுக்குத்தான். இங்கே அது சிக்னா. கெர்டா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நந்தி மாதிரிக் குறுக்கே நின்றுகொண்டால், இரண்டு பேரும் தன்னைத் தாண்டித்தானே சிரித்துப் பேச வேண்டும்! முன்னால் போகிறவள் விழுந்தால் முதலில் தாங்க வேண்டியது நடு ஆள். அது தெரிந்தும்தான் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஊருக்குப் பின்னாலிருந்த பனிச்சரிவில் ஒத்திகை. முன்னால் போகிறவள் சொல்லாமல் கொள்ளாமல் விளிம்பிலிருந்து குதிப்பாள். மற்றவர்கள் அந்தக் கணமே குப்புற விழுந்து, பனிக்கோடாரியைக் குத்தித் தாங்க வேண்டும்.

மேவ் விளிம்பில் நின்று திரும்பி, கெர்டாவின் தலைக்கு மேலாக சிக்னாவுக்குக் கண்ணடித்தாள். பின்னாலிருந்து சிக்னா சிரித்தது கேட்டது. மேவ் குதித்தாள்.

கெர்டா விழவில்லை. கொஞ்சம் பயப்படட்டுமே என்று நின்றாள். கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் கயிறு அவளை விளிம்புவரை இழுத்துப் போய்விட்டது. சிக்னாதான் கோடாரியைக் குத்தி இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

மேவ் கிழிந்த உதட்டோடு ஏறி வந்தாள். "பனி இளக்கமா இருக்கு. அவங்களுக்குக் கால் நின்னிருக்காது," என்றாள். அந்த நல்ல குணத்துக்குப் பதிலாக அவள் ஓர் அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது கெர்டாவுக்கு.

"கால் நல்லாத்தான் நின்னுச்சு. நான் பின்னாடிதான இருந்தேன்," என்றாள் சிக்னா. "நீ சும்மாதான் நின்னேக்கா."

"ஏதோ ஒரு கோவம்டீ. நீ விழுந்திருந்தா விட்டிருப்பேனா?"

"விழுந்தது யாருன்னு பாத்துட்டுத்தான் பிடிப்பியா? நாளைக்கு என்மேலயும் உனக்குக் கோவம் வரும்லக்கா."

கெர்டா இடுப்பு முடிச்சில் கை வைத்தாள். விரல்கள் விறைத்திருந்ததால் அதை அவிழ்க்க நேரமானது. யாரும் உதவிக்கு வரவில்லை. அவள் கயிற்றிலிருந்து விலகியதும், சிக்னா அதை இரண்டு பேருக்கு அளக்க ஆரம்பித்தாள்.