லூயி மன்னன் பாடம் நடந்த ஞாயிறு

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துச் சபையில் ரோஸ்லின் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். பாஸ்டர் தேவசகாயம் அவளுடைய கணவர். சபைக்கு உயரமான கோபுரம் வேண்டுமென்று சென்ற ஆண்டு அவர்தான் பிடிவாதம் பிடித்தார். மழையிலும் வேலை நடந்தது. சாரத்திலிருந்து வழுக்கி விழுந்த கொத்தனார் ஏசுதாஸ் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் கோபுரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்குப் பெருமை என்னும் பாவத்தைப் பற்றிய பாடம். பிரான்சின் பதினான்காம் லூயி கண்ணாடி மண்டபத்தோடு அரண்மனை கட்டியதையும், வெளியே மக்கள் ரொட்டியில்லாமல் வாடியதையும் ரோஸ்லின் சொன்னாள்.

"போருக்கும் கட்டடத்துக்கும் ரொம்ப ஆசப்பட்டுட்டேன், நீ என்னை மாதிரி இருக்காதேன்னு, சாகப்போறப்ப அடுத்த ராஜாவாகப்போற பிள்ளைகிட்ட சொன்னாராம்."

ஏசுதாஸின் மகள் ஷெரின் கேட்டாள்: "கட்டுறப்ப செத்தவங்க வீட்டுல போய் சொன்னாரா டீச்சர்?"

ரோஸ்லின் கணவரைப் பார்த்தாள். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் எழுந்து வெளியே போனார்.

அன்று மாலையே அவர் ஷெரினின் தாய் கிரேஸைப் பார்க்கப் போனார். ஜெபம் செய்யப் பலமுறை வந்த வீடுதான். இந்த முறை கையில் பைபிள் இல்லை.

"மழையில வேல வேணாம்னு ஏசுதாஸ் சொன்னாரும்மா. நான்தான் கேக்கல. என்னை மன்னிச்சிடுங்க."

கிரேஸ் நெடுநேரம் அழுதாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிடும் பாஸ்டர். இப்ப முடியல லா."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தலைகுனிந்து திரும்பினார். கோபுர வேலையை நிறுத்தச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஷெரின் வந்தாள், கிரேஸ் வரவில்லை.