பத்மாசினி வீட்டு மருதாணி

1

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ் ஜன்னலில் கிடைத்தது. வில்லாபுரத்தில் பஸ் எதற்கோ நின்றது. ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள், மருதாணிச் செடி முன்னால், ஒரு பெண் கையில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்லிவிட்டு வெட்டுவது என்று யோசிக்கிறவள் போல நின்றாள். பஸ் கிளம்பிவிட்டது. அவள் வெட்டினாளா என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தடவை இப்படித் தொடங்கினேன்: "வில்லாபுரத்தில் பத்மாசினி என்றொரு விதவை..."

அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைப் போட்டால் நீங்கள் செடியைப் பார்க்க மாட்டீர்கள், அவள் நெற்றியைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது தடவை: "அந்த மருதாணிக்கு வயது..." (யாருக்கு வேண்டும் வயது.)

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். பத்மாசினி வீட்டு மருதாணி ஒருநாளும் கவாத்துக் கண்டதில்லை. தேவைப்படவும் இல்லை. ஆடி பிறந்தால் தெருப்பெண்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து ஆளுக்கொரு கொத்து ஒடித்துப் போவார்கள். வளைகாப்பு என்றால் வருவார்கள், கல்யாணம் என்றால் வருவார்கள். ஒடித்த இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். யாரும் வெட்டாமலே செடி இடுப்பளவில் குடை மாதிரி நின்றது. "இந்தக் கேட்டுக்கு எண்ணெ விட்டே என் சம்பளம் போச்சு" என்பார் அவள் கணவர் ராமமூர்த்தி.

அவர் இறந்தபிறகு யாரும் ஒடிக்க வரவில்லை. வெறுப்பு ஒன்றும் கிடையாது. நல்ல காரியத்துக்கு அந்த வீட்டிலா போய் இலை கேட்பது என்று சிலருக்குக் கூச்சம். கேட்டால் அவள் மனசு நோகுமே என்று சிலருக்கு. எல்லாம் மரியாதைதான். மரியாதையாகவே அவளைத் தனியாக விட்டார்கள். செடி மதிலைத் தாண்டிப் போனது. கீழே முள்ளும் விறகும். இலை உச்சியில் மட்டும்.

(சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது ஒரு மொழி, தெருவில் பேசுவது தமிழ். வீட்டு மொழிக்குப் பதில் சொல்ல இப்போது எதிரே ஆளில்லை. செடியிடம் பேசுகிறாள் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி சேர்த்துவிட்டேன். பேசாமல் என்ன செய்வாள்?)

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே ஒரு சந்தேகம். பத்மாசினி என்ன நினைத்தாள் தெரியுமா? இலை கைக்கு எட்டவில்லை, அதனால்தான் யாரும் வரவில்லை என்று நினைத்தாள். அறுபது வயதுக்காரி, நாலும் பார்த்தவள், இப்படியா நினைப்பாள்? ரொம்ப நாள் பேனா இங்கேயே நின்றது. பிறகு தோன்றியது: இதை நம்பாவிட்டால் அவள் வேறொன்றை நம்ப வேண்டியிருக்கும். நம்பிவிட்டுப் போகட்டும்.

மகன் ராகேஷ் புனேயிலிருந்து போனில் சொன்னான்: "வேரோட எடுத்துரும்மா. கார் நிறுத்தலாம்."

"யாரு காரு?"

"யாராச்சும் வந்தா..."

(வீட்டு மொழியில்தான் ஆரம்பித்தான். பாதியில் தமிழுக்கு வந்துவிட்டான்.)

கோடை மழை பெய்த மறுநாள் காலை அவள் அரிவாளை எடுத்தாள். எதிர்வீட்டு முனீஸ்வரி, இட்லி மாவு அரைத்து விற்கிறவள், ஓடிவந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"என்னக்கா, மொட்டையா போடுறீக? அழகர்கோயிலுக்கு நேந்துக்கிட்டீகளா?"

"முழங்கால் உயரத்துக்கு வெட்டுனாத்தான் நல்லாத் தழையும்."

"அம்புட்டையுமா? பட்டுப்போச்சுன்னா?"

"போனாப் போகுது."

(பொய். அரிவாள் பாதியில் நின்றுவிட்டது.)

"இனிமே இலை கைக்கு எட்டுற மாதிரி வரும், முனீஸ்வரி. வேணுங்கிறவங்க ஒடிச்சுக்கிடலாம்."

முனீஸ்வரி கேட்டில் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். "இப்ப எந்தப் பிள்ளைக்கா இலை அரைக்குது? எம்மக தாமரைச்செல்விக்கெல்லாம் கடையில விக்கிற கோன்தான். கிரைண்டர்ல அரைச்சுத் தரவாடின்னா, நாளைக்கு இட்லி செவந்து வரும்ங்கிறா."

இருவரும் சிரித்தார்கள். முனீஸ்வரிதான் முதலில் நிறுத்தினாள். "யாவாரத்துக்கு ஆளு வந்துரும். வாரேங்க்கா." கேட்டில் இருந்த கை, அதைத் திறக்காமலே போய்விட்டது.

காய்ந்த கொம்பை முதலில் கழித்துவிட்டு, உயிருள்ளதைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். அப்படித்தான் வெட்டினாள். முடித்தபோது நட்டுவைத்த குச்சிகள் மாதிரி நின்றது செடி. தெருவில் போகிறவர்களுக்கு இப்போது வீட்டுக்குள் அவள் தெரிந்தாள்.

4

துளிர்த்ததா என்று கேட்பீர்கள். துளிர்த்தது. அதில் உங்களைத் தவிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. கணுவுக்குக் கணு மிளகு போல முளை கட்டி, ஆடிக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அத்தனையும் இளம் இலை. கை நீட்டினால் எட்டும்.

யாரும் வரவில்லை.

ஒரு முடிவு: தாமரைச்செல்விக்குக் கல்யாணம் கூடுகிறது. முனீஸ்வரி கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "அக்கா, உங்க வீட்டு இலைதான் செவக்கும்னு..." இதற்குமேல் எழுதவில்லை. எழுத எழுத இனித்தது. எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

இன்னொரு முடிவு: அவளே ஒரு தட்டில் இலையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறுகிறாள். அங்கே, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்த வரியை எழுதத் துணிவில்லாமல் அவளைத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன்.

மூன்றாவது, நான் கேட்காமலே வந்தது. ஆடிச் சாயங்காலம். பத்மாசினி நுனிகளாகப் பார்த்து ஒரு பிடி ஒடித்தாள். கொட்டைப்பாக்கு வைத்து அம்மியில் மைய அரைத்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையின் நடுவே வட்டமாக அப்பி, விரலுக்கு விரல் தொப்பி வைத்தாள். (கணவன் போனவள் வைக்கலாமா என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டால் கதையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன்.)

இடது கை முடிந்தது. மருதாணி அப்பிய கையால் மறுகைக்கு வைக்க முடியாது. வலது கைக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. கூப்பிட்டால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அவள் கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். அவளுக்குப் பதிலாக நான் கூப்பிட்டால் அது என் குரலாகிவிடும்.

நீங்கள் இவ்வளவு நேரமும் கேட்டுக்கு வெளியே நின்றுதானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கண்ணுகளா. கிண்ணத்தில் பாதி மிச்சம் இருக்கிறது. ஓரம் கறுத்துவிட்டது. வலது கையை மடியில் விரித்து வைத்திருக்கிறாள்.

காய்ந்துவிடும். சீக்கிரம்.