வளைகாப்பில் கறுத்தவள்

என் பெயர் சின்னப்பொண்ணு. வயது அறுபத்தாறு. ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்து போகும்போது நாலு பேராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரத்தப் புற்றுநோய்க்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சிரிக்க வேறு என்ன இருக்கிறது?

இசைவாணியும் அப்படிச் சிரித்தவள்தான். இருபத்து நாலு வயது, எனக்கு வந்த அதே நோய். விசாரித்தால், நான் பாத்திரம் கழுவுகிற ஒரகடம் கம்பெனியிலேயே அவளுக்கு லைன் வேலை. அதிலிருந்து மாதாமாதம் சேர்ந்தே மாத்திரை வாங்கப் போனோம்.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "முன்னெல்லாம் இது வந்தா நாலஞ்சு வருஷம்தான். வயசானவங்க இன்னும் சீக்கிரம் போயிடுவாங்க. இப்ப தினம் தவறாம சாப்பிட்டா ரெண்டு பேருமே மத்தவங்க மாதிரி வாழலாம். ஆனா பெரியவங்க ஒழுங்கா முழுங்கறாங்க, சின்ன வயசுக்காரங்கதான் விட்டுடறாங்க." பிறகு அவளிடம், "இந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. குழந்தை வேணும்னா முதல்ல எங்கிட்ட வா, வழி இருக்கு" என்றார்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. சிலருக்குத் தோல் வெளுக்கும். இந்த வயதில் நான் வெளுத்து யாருக்கு லாபம்? இசைவாணி நல்ல கறுப்பு. எட்டே மாதத்தில் கோதுமை நிறத்துக்கு வந்துவிட்டாள். லைனில் பெண்கள், "இன்னா க்ரீம்டி போடற?" என்று குடைந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஜீவானந்தம் அந்த நிறத்தில்தான் அவளைப் பார்த்தான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த அவன் அம்மா, "மகாலச்சுமி மாரி கீது பொண்ணு" என்று பூரித்தாள். இசைவாணி என் கையைக் கிள்ளினாள். தாய் தகப்பன் இல்லாதவள், ஒரு வாழ்க்கை அமையட்டுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் மாத்திரையும் என் பையில்தான் இருந்தது. கேண்டீனில் சாப்பிட்டுத் தட்டு போட வரும்போது ஒன்று வாங்கி முழுங்குவாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன்.

முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். "டாக்டராண்ட நானே போய் சொல்லிக்கிறேன் பெரிம்மா" என்றாள். நம்பினேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மணையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் மாத்திரையை அடியோடு விட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. பழைய கறுப்பு முழுசாகத் திரும்பியிருந்தது.

"மாசமா இருந்தா கறுக்கும். ஆம்பளப் புள்ளதான்" என்றாள் மாமியார். கூட்டம் சிரித்தது.

வளையல் போடும்போது காதருகே கேட்டேன். "டாக்டரைப் பாத்தியா?"

"பேசாத பெரிம்மா. புள்ள பொறந்துரட்டும். தெரிஞ்சா இந்த வூட்ல என்னை வெச்சிப்பாங்களா?"

அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசக் கூடாதென்று, அவள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, புளிசாதமும் தயிர்சாதமும் தின்றுவிட்டு வந்தேன். பாவி நான்.

எட்டாம் மாதம் விடாத காய்ச்சல். அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பதினோராம் நாள் அவள் போய்விட்டாள். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்பதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த வாரம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து, "இன்னும் இருபது வருஷம் இருப்பீங்க" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

குழந்தையைப் பார்க்கப் போனேன். பெண் குழந்தை. மாமியார் துணியை விலக்கிக் காட்டினாள்.

"அவனும் செவப்பு, அவளும் செவப்பு. இது யார உரிச்சி வெச்சிகீதுன்னே தெர்ல."

"பெத்தவளைத்தான்" என்றேன்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, வெளுத்த தோல், எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் விலக்கிய துணியை இழுத்துக் குழந்தையைப் போர்த்தினாள். ஜீவானந்தம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவள மொதமொதல்ல பஸ்ல பாத்தப்ப கறுப்பாத்தான் இருந்தா" என்றான். "அப்பவே புடிச்சித்தான் இந்தக் கம்பெனில வந்து சேர்ந்தேன்."