நாலு விரற்கடை வலதுபக்கம்

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்போதே உச்சிமாகாளிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. யாரோ ஊரான் மேல் எரிந்திருந்தால் பரவாயில்லை. கட்டிய பெண்டாட்டி வள்ளித்தாய் மேல் எரிந்தது. அதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்?

திருவேங்கடம் ரோட்டில் உரக்கடை வைத்திருந்த அவனுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. வருசா வருசம் தபசுத் திருவிழாவில் பவுல்பாண்டியன் என்பவர் பலூன் சுடுகிற கடை போடுவார். பெரிய பலகையில் சின்னச் சின்னப் பலூன்களை இடம்விட்டு இடம்விட்டுக் கட்டி, ஒரு பழைய ஏர்கன்னைக் கையில் கொடுப்பார். பத்து குண்டு. முக்கால்வாசிப் பேர் ஒன்றிரண்டு உடைப்பதற்குள் முழி பிதுங்கிப் போவார்கள். உச்சிமாகாளி மட்டும் ஆறு வருசமாகப் பத்துக்குப் பத்து. பரிசாகக் கிடைத்த ஆறு கண்ணாடி டம்ளர்களும் உரக்கடையில், பூச்சிமருந்து அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. உரம் வாங்க வருகிற சம்சாரி முதலில் டம்ளரைப் பற்றி விசாரிக்க வேண்டும். விசாரிக்காதவருக்கு மூட்டை இறங்கக் கொஞ்சம் தாமதமாகும்.

எண்பத்தாறாம் வருசம் ஆனி மாதம் பக்கத்து வீட்டுக்கு முகம்மது இஸ்மாயில் குடிவந்தான். கடையநல்லூர்க்காரன். ஐந்து வருசம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு, சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை போடலாம் என்று மனைவி ஆயிஷம்மாளோடு வந்தவன். பெட்டிகளோடு ஒரு கலர் டி.வி.யும், அதில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேமும் வந்திறங்கின. அந்த கேமுக்கு வயர் வைத்த பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று உண்டு. திரையில் பறவைகள் பறக்கும். குறிபார்த்து விசையை இழுத்தால் பறவை சுருண்டு விழும், டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், மூலையில் எண் ஏறும். பத்தும் விழுந்தால் அடுத்த கூட்டம் இன்னும் வேகமாக வரும். பார்க்கிற யாருக்கும் கை துறுதுறுக்கும். தெருவே அந்த வீட்டில்தான் கிடந்தது.

"இந்தத் தெருவுல துப்பாக்கி பிடிக்கத் தெரிஞ்சவரு நீங்கதானாமே, அண்ணாச்சி" என்று இஸ்மாயில் முதல் மரியாதையை உச்சிமாகாளிக்கே கொடுத்தான்.

உச்சிமாகாளி சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துச் சுட்டான். பத்துப் பறவையில் ஒன்று விழுந்தது. அதுவும் தானாகக் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது.

"இது என்ன வே, பொம்மைத் துப்பாக்கி? கையில கனமே இல்ல. தோள்ல உதைக்கணும், எதிர்க்க பலூன் டப்புனு உடையணும். அதுல்லா சுடுதது. இது பொம்பளையளுக்கும் பிள்ளையளுக்கும் ஆனது" என்று துப்பாக்கியைக் கீழே வைத்தான்.

"அப்போ நீங்க ஒருக்கா பிடிங்கக்கா" என்று ஆயிஷம்மாள் அதை எடுத்து வள்ளித்தாயின் கையில் திணித்தாள்.

வள்ளித்தாய் மேலநீலிதநல்லூர்ப் பெண். கல்யாணம் ஆகிற வரை மானாவாரிச் சோளத்தில் கவண் எறிந்து கிளி விரட்டியவள். கூச்சத்தோடு வாங்கினாள், ஒரு கண்ணைக்கூட மூடவில்லை. பத்தும் விழுந்தன. அடுத்த கூட்டத்தில் ஒன்பது.

அன்றைக்குப் பிடித்தது சனி. மத்தியானம் அவன் சாப்பிட வந்தால் சோறு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு டொய்ங்குக்கும் இவன் எடுத்த கவளம் பாதி வழியில் நின்று போகும். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். பதினோரு வருசத்தில் அவன் எடுத்துக் கொடுத்த எந்தச் சேலைக்கும் அந்த வெளிச்சம் வந்ததில்லை.

"இன்னைக்கு ஏழாவது கூட்டம் வரைக்கும் போயிட்டேன்" என்பாள்.

"ரசத்துல உப்பு கூடிப்போச்சு" என்பான் அவன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. அவனுக்குத்தான் எதுவும் சரியாக இல்லை. ஒருநாள் ஒரு சம்சாரி, ஆறு டம்ளருக்கும் நேர் கீழே நின்றுகொண்டு, "உங்க வீட்டம்மா நல்லா சுடுதாகளாமே" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்கு மூட்டை இறங்கவே இல்லை.

ஊருக்குத் தெரியாமல் பழகிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்மாயில் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கினான். மறுபடியும் ஒன்றுதான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க பறவைக்கு நேராப் பிடிக்கலை. எல்லாத் தடவையும் நாலு விரற்கடை வலதுபக்கம் தள்ளிப் பிடிக்கீங்க."

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. கை தானாக அங்கேதான் போகிறது. ஏன் போகிறது?

அந்த வருசத் திருவிழாவுக்குப் பலூன் கடை போட்ட முதல் நாள், கூட்டம் இல்லாத உச்சிவெயிலில் தனியாகப் போனான். வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கியைப் பலூனுக்கு நேராகவே பிடித்துச் சுட்டான். குண்டு பலூனைத் தொடவில்லை, நாலு விரற்கடை இடதுபக்கம் பலகையில் போய்ப் பதிந்தது. இன்னொன்று சுட்டான். அதே இடம். பவுல்பாண்டியன் வெற்றிலையை மென்றபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கிக் குழல் கோணல். ஆறு வருசமாக அவன் கை அந்தக் கோணலைப் படித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் அவனுடைய சாமர்த்தியம். வேறொருவனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான், அல்லது சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். உச்சிமாகாளிக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை என்று அவனுக்கே தெரியும்.

தபசன்றைக்குச் சாயங்காலம் இஸ்மாயிலையும் ஆயிஷம்மாளையும் தெருப் பெண்கள் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு, வள்ளித்தாயைப் பலூன் கடைக்குக் கூட்டிப் போனான்.

"எனக்கெதுக்கு? இங்கன நீங்கதான சுடுவீக" என்று அவள் பின்வாங்கினாள்.

"சும்மா பிடிட்டி. டி.வி.யில பிடிக்க மாதிரியே நேராப் பிடி. எல்லாம் ஒண்ணுதான்."

சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. அவள் அவன் காட்டியபடி தோளில் வைத்து, நடுவில் இருந்த சிவப்புப் பலூனைக் குறிபார்த்தாள். முதல் குண்டு தவறியது. இரண்டாவதும் தவறியது. துப்பாக்கியை இறக்கிக் குழலைப் பார்த்தாள், பிறகு ஒருதரம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மீதி எட்டையும் அவசரப்படாமல் அதே சிவப்புப் பலூனுக்கே சுட்டாள். பலூன் அசையாமல் இருந்தது.

கூட்டம் சிரித்தது. "டி.வி. துப்பாக்கி வேற, நெசத் துப்பாக்கி வேறல்லா" என்றார் ஒருவர். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உச்சிமாகாளி இத்தனை நாள் காத்திருந்தான். துப்பாக்கியை வாங்கி, நாலு விரற்கடை வலதுபக்கம் பிடித்து, பத்தையும் உடைத்தான். இஸ்மாயில் கை தட்டினான். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது வள்ளித்தாய்தான்.

ஏழாவது டம்ளரை வாங்கிக்கொண்டு நகரும்போது பவுல்பாண்டியன் மெதுவாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாங்க."

சிவப்புப் பலூன் இருந்த இடத்துக்கு இடதுபக்கம் பலகையைக் காட்டினார். வள்ளித்தாயின் பத்துக் குண்டும் அங்கே இருந்தன. ஒரு ரூபாய்த் துட்டை வைத்தால் பத்தையும் மறைத்துவிடலாம்.

"இருபது வருசமா கடை போடுதேன். இப்படிச் சுட்டு நான் பார்த்ததில்ல" என்றார்.

கையில் டம்ளரோடு நின்ற உச்சிமாகாளிக்கு, இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஜெயித்தவன் அவன்தான், ஊரே பார்த்தது. அப்படியும் அந்தப் பத்து ஓட்டைகளைத் தன் கையால் போட முடியுமென்றால் அதற்கு விலையாக ஏழு டம்ளரையும் தெப்பக்குளத்தில் வீசிவிடத் தயாராக இருந்தான்.

திரும்பும் வழியில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"துப்பாக்கியில எதும் தெரிஞ்சுதாட்டி?"

"ரெண்டாவது குண்டுலயே தெரிஞ்சுட்டு. இடதுபக்கம் இழுக்கு."

"பின்ன ஏன் மாத்திப் பிடிக்கலை?"

"திரும்பி உங்களைப் பார்த்தம்லா. உடைச்சிருவேனோன்னு நின்னீக."

எதிரே ஒரு கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. டம்ளர் உடைந்துவிடக் கூடாதென்று அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கி, முந்தானையில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசமும் அவரு இதே துப்பாக்கியத்தான் கொண்டு வருவாரு" என்றாள். "நீங்க பயப்படாதீக."